இடத்துக்கு இடம் மாறும் இணையம்: மடிக்கணினியை ஒருமுறை பழக்கி வைப்போம்

(திண்டிவனத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணினி ஆசிரியர் இல்லை. இருபது ஆண்டுகளாக அறிவியல் பாடம் நடத்துபவன். ஆய்வகப் பொறுப்பும் எமிஸ் பொறுப்பும் கைக்கு வந்ததால், தேவைக்காகக் கற்றுக்கொண்டவை சில உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் இன்று பகிர்ந்துகொள்கிறேன். எனக்குப் புரிந்தது உங்கள் எல்லோருக்கும் புரியும்.

இங்கே இருப்பவர்களில் பலர் விழுப்புரத்திலிருந்து தினமும் வந்து போகிறோம். ரயிலோ பேருந்தோ, நாற்பது கிலோமீட்டருக்குள் முடிகிற பயணம்தான். ஆனால் நம் பையில் இருக்கும் மடிக்கணினிக்கு அது நான்கு ஊர் சுற்றி வருவதற்குச் சமம். வீட்டில் ஒரு வைஃபை. விழுப்புரம் சந்திப்பில் ரயில்வேயின் இலவச வைஃபை. பள்ளியில் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தின் இணைப்பு. கூட்டம் என்று வந்தால் இங்கே இன்னொன்று. எதுவும் கிடைக்காவிட்டால் கைப்பேசி ஹாட்ஸ்பாட்.

இதில் அடிக்கடி காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு: "நேத்து ஸ்கூல்ல நல்லா வந்துச்சு சார், வீட்ல வரவே மாட்டேங்குது." வைஃபை குறி முழுதாக எரியும். கடவுச்சொல் சரிதான். பக்கத்தில் மகனுடைய கைப்பேசியில் படம் ஓடுகிறது. மடிக்கணினியில் மட்டும் இணையம் இல்லை. உடனே நாம் சொல்வது, "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு" என்று. அல்லது, "நமக்கு இதெல்லாம் வராது" என்று.

இரண்டுமே பெரும்பாலும் காரணம் அல்ல. ஓர் இடத்துக்கான அமைப்பைக் கருவியிலேயே ஆணி அடித்து வைத்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு இன்னோர் இடத்துக்குப் போகிறோம். அதுதான் காரணம். இன்று நான் சொல்ல வந்தது ஒரே வரி: இணைய அமைப்பை இடத்தோடு கட்டுங்கள், கருவியோடு கட்டாதீர்கள்.

கணினிக்குத் தெரிய வேண்டிய நான்கு செய்திகள்

ஒரு வலையமைப்புக்குள் நுழையும் கணினிக்கு நான்கு விவரங்கள் வேண்டும். ஒன்று, தன் முகவரி, அதாவது ஐ.பி. எண். இரண்டு, தன் தெரு எதுவரை என்ற எல்லை. இதைச் சப்நெட் மாஸ்க் என்பார்கள். மூன்று, தெருவை விட்டு வெளியே போகும் வாசல். அதுதான் கேட்வே, பெரும்பாலும் நம் ரூட்டர். நான்கு, பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் விசாரணை மையம், அது டி.என்.எஸ். பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் டி.என்.எஸ். பற்றித் தனிப் பாடமே இருக்கிறது. மேல்நிலைப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

தரைவழித் தொலைபேசியை நினைத்துப் பாருங்கள். விழுப்புரத்துக்கு 04146, திண்டிவனத்துக்கு 04147. எண் ஊருக்கு உரியது. விழுப்புரத்து வீட்டிலிருந்த தொலைபேசிப் பெட்டியைக் கழற்றித் திண்டிவனத்தில் மாட்டினால், பழைய எண்ணுக்கு அழைப்பு இங்கே வராது. பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை. எண் அந்த ஊர்க் கம்பிக்கு உரியது, அவ்வளவுதான். ஐ.பி. எண்ணும் அப்படித்தான்.

நம் வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். ஐ.பி. எண்களின் பழைய முறையில் மொத்தம் இருப்பதே சுமார் 429 கோடி எண்கள். உலகத்துக்கு அது போதாது. அதனால் சில எண் வரிசைகளை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்குவதற்கென ஒதுக்கினார்கள். 192.168 வரிசை 1996-ஆம் ஆண்டு விதியில் அப்படி ஒதுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், என் வீட்டிலும் இருக்கலாம். ஒவ்வொரு தெருவிலும் ஐந்தாம் எண் வீடு இருப்பது போல.

தானாகக் கிடைக்கும் முகவரி

இந்த நான்கு விவரங்களையும் ஒவ்வோர் இடத்திலும் நாமே தட்டச்சு செய்ய வேண்டுமா? வேண்டியதில்லை. அதற்காகவே டி.எச்.சி.பி. என்ற ஏற்பாடு இருக்கிறது. 1993-இல் முதல் விதி வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 1997-இல் வந்தது.

அது வேலை செய்யும் விதம் எளிது. மடிக்கணினி உள்ளே நுழைந்ததும் சத்தமாகக் கேட்கும்: "இங்கே முகவரி தருபவர் யாராவது இருக்கிறீர்களா?" ரூட்டர் பதில் சொல்லும்: "இந்த எண் காலியாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறாயா?" கணினி, "அதையே கொடுங்கள்" என்று கேட்கும். ரூட்டர், "கொடுத்தாயிற்று" என்று உறுதி செய்யும். நான்கு பேச்சு, ஒரு சில நொடி. எண்ணோடு கூட எல்லை, வாசல், விசாரணை மையம் மூன்றும் சேர்ந்தே வந்துவிடும்.

இப்படிக் கிடைத்த எண் சொந்தம் அல்ல, குத்தகை. குறித்த காலம் முடிவதற்குள் கணினியே புதுப்பித்துக்கொள்ளும். நாம் கிளம்பிப் போய்விட்டால் அந்த எண் காலக்கெடு முடிந்து வேறொருவருக்குப் போகும். விடுதி அறைபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் சிக்கல் வருகிறது? பள்ளி ஆய்வகத்தில் சர்வர், அச்சுப்பொறி போன்றவற்றுக்கு மாறாத எண் வேண்டும். அச்சுப்பொறியின் எண் தினம் மாறினால் யாரும் அச்செடுக்க முடியாது. அதே வழக்கத்தில், ஆய்வகத்தைச் சீர்செய்ய வருபவர் ஆசிரியரின் மடிக்கணினியிலும் ஒரு நிலையான எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். 192.168.10.25 என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் அது பிரமாதமாக வேலை செய்யும். மாலையில் வீட்டுக்கு வந்தால், வீட்டு ரூட்டர் 192.168.1.1-இல் உட்கார்ந்திருக்கிறது. கணினியோ 192.168.10 தெருவின் வாசலைத் தேடிக்கொண்டிருக்கிறது. வைஃபை குறி எரியும், இணையம் வராது.

எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஓய்வு பெற இரண்டு ஆண்டே இருந்த மூத்த ஆசிரியை ஒருவர் இருந்தார். வீட்டில் இணையம் வரவில்லை என்பதால், பெயர்ப்பட்டியல் திருத்த வேலைகளுக்கெல்லாம் மாலை ஆறு மணிவரை பள்ளியிலேயே இருந்துவிட்டுப் போவார். "எனக்கு வயசாயிடுச்சு தம்பி, இது எனக்குப் பிடிபடல" என்றார். பார்த்தால், மடிக்கணினியில் யாரோ போட்டு வைத்த ஆய்வக எண். 'தானாகப் பெறு' என்று மாற்றியதற்கு ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு பருவம் அவர் இருட்டியபின் பேருந்துக்குக் காத்து நின்றதற்குக் காரணம் அவருடைய வயது இல்லை, அந்த ஒரு வரி எண். இந்தத் தலைப்பை நான் எடுத்துக்கொண்டதற்கும் அவர்தான் காரணம்.

நோயை எப்படிக் கண்டுபிடிப்பது?

மருத்துவர் நாடி பார்ப்பது போல நாம் பார்க்க வேண்டியது ஓர் எண்ணைத்தான். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை என்று போய், இணைந்திருக்கும் வலையமைப்பின் பிராப்பர்ட்டீஸைத் திறங்கள். அங்கே ஐ.பி.வி.4 முகவரி இருக்கும்.

அது 169.254 என்று தொடங்கினால், முகவரி கேட்டும் யாரும் தரவில்லை என்று பொருள். கணினி தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. கோளாறு ரூட்டர் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். ரூட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

எண் சரியாக இருக்கிறது, ஆனால் பக்கத்தில் உள்ளவரின் கைப்பேசியில் இருக்கும் எண்ணோடு முதல் மூன்று பகுதிகள் ஒத்துப்போகவில்லை என்றால், அது பெரும்பாலும் வேறோர் இடத்தின் நிலையான எண். அதே பக்கத்தில் 'ஐ.பி. அசைன்மென்ட்' என்ற வரியில் 'மேனுவல்' என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எண்கள் ஒத்துப்போகின்றன, ஆனால் எந்த இணையதளமும் பெயர் சொல்லித் திறக்கவில்லை என்றால், டி.என்.எஸ். வரியைப் பாருங்கள். பழைய இடத்தின் எண் அங்கே தங்கியிருக்கும்.

இன்னொன்று. இரண்டு கணினிகள் ஒரே நிலையான எண்ணோடு ஒரே அறைக்குள் வந்தால் இரண்டும் மாறி மாறி அறுந்துபோகும். வெளியிலிருந்து வந்த மடிக்கணினி ஒன்று ஆய்வக சர்வரின் எண்ணையே வைத்திருந்தால், இருபது பிள்ளைகளின் திரையும் நின்றுபோகும். நாற்பது நிமிடப் பாடவேளையில் பதினைந்து நிமிடம் அங்கேயே போய்விடும்.

வழி ஒன்று: எண்ணை ரூட்டரில் எழுதுங்கள்

எல்லாவற்றிலும் சிறந்த வழி இதுதான். மடிக்கணினி எப்போதும் 'தானாகப் பெறு' நிலையிலேயே இருக்கட்டும். பள்ளியில் அதற்கு மாறாத எண் தேவையென்றால், அதைப் பள்ளி ரூட்டரில் பதிவு செய்யலாம். ஒவ்வொரு வலையமைப்பு அட்டைக்கும் மேக் முகவரி என்று ஒரு அடையாளம் உண்டு. "இந்த அடையாளம் உடையவர் வந்தால் இந்த எண்ணைக் கொடு" என்று ரூட்டரில் எழுதி வைக்கலாம். ரூட்டர் பக்கங்களில் இது 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற பெயரில் இருக்கும். அப்போது மடிக்கணினிக்குப் பள்ளியில் எப்போதும் அதே எண், வீட்டில் வீட்டு எண், இங்கே இந்த இடத்து எண். கருவியில் நாம் எதையும் மாற்ற வேண்டாம்.

ஒரு கவனம் மட்டும் வேண்டும். ஆண்ட்ராய்டு 10 முதல் வந்த கைப்பேசிகளும் கைக்கணினிகளும் தனியுரிமைக்காக உண்மையான மேக் முகவரிக்குப் பதில் ஒரு மாற்று முகவரியைக் காட்டுகின்றன. அப்படிப்பட்ட கருவிக்கு எண் ஒதுக்கும்போது, பள்ளி வைஃபைக்கு மட்டும் அந்தக் கருவியின் சொந்த மேக் முகவரியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

வழி இரண்டு: வைஃபைக்கு வைஃபை தனி அமைப்பு

ரூட்டரைத் தொட நமக்கு அனுமதி இல்லாத இடங்கள் உண்டு. நிலையான எண்ணைத்தான் போட்டாக வேண்டும் என்றால், வலையமைப்பு அட்டைக்கு மொத்தமாகப் போடாமல், அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் போடுங்கள்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' என்று போனால் இதுவரை நீங்கள் இணைந்த வைஃபைகளின் பட்டியல் வரும். பள்ளி வைஃபையின் பெயரைத் தொட்டு, 'ஐ.பி. அசைன்மென்ட்' பக்கத்தில் உள்ள 'எடிட்' பொத்தானை அழுத்தி, 'மேனுவல்' தேர்ந்து எண்களைக் கொடுங்கள். இந்த அமைப்பு அந்தப் பெயருடைய வைஃபையோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும். வீட்டு வைஃபைக்கு மாறினால் கணினி தானாகவே பழையபடி 'தானாகப் பெறு' நிலைக்கு வந்துவிடும். பழைய கன்ட்ரோல் பேனல் வழியாகப் போட்டால் அது அட்டை முழுவதற்கும் பொருந்திவிடும். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஆசிரியர்களுக்கு வழங்கப்பட்ட கைக்கணினிகளிலும் இதே வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் ஐ.பி. அமைப்பும் பிராக்ஸியும் ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனியாகவே சேமிக்கப்படும்.

விண்டோஸில் பிராக்ஸி மட்டும் விதிவிலக்கு. ஓர் அலுவலகத்தில் பிராக்ஸி எண் போட்டால் அது எல்லா வைஃபைக்கும் பொதுவாகிவிடும். வெளியே வந்ததும் எதுவும் திறக்காது. இதற்கு ஓர் எளிய வழி: ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் அதற்கே உரிய பிராக்ஸி அமைப்பு உண்டு. அந்த அலுவலகத்துக்கு ஃபயர்ஃபாக்ஸை வைத்துக்கொண்டு, மற்ற இடங்களுக்கு வேறு உலாவியைப் பயன்படுத்துங்கள். எதையும் மாற்றி மாற்றிப் போட வேண்டியதில்லை.

வழி மூன்று: கம்பி இணைப்புக்கு மாற்று அமைப்பு

வைஃபைக்குப் பெயர் இருக்கிறது. அதை வைத்துக் கணினி இடத்தை அடையாளம் காண்கிறது. கம்பிக்குப் பெயர் இல்லை. ஆய்வகத்தில் கம்பியைச் செருகினாலும் வீட்டில் செருகினாலும் கணினிக்கு ஒன்றுதான். அதற்கு விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே ஒரு வசதி இருக்கிறது. பலர் கண்ணில் படுவதில்லை.

கன்ட்ரோல் பேனலில் ஈதர்நெட் அட்டையின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, ஐ.பி.வி.4 வரியை இருமுறை சொடுக்குங்கள். 'தானாகப் பெறு' என்ற தேர்வு இருந்தால் மட்டும், மேலே 'ஆல்டர்னேட் கான்ஃபிகரேஷன்' என்று இன்னொரு தாவல் தெரியும். அதில் ஆய்வக எண்களை எழுதி வையுங்கள். இனிமேல் கம்பி செருகியதும் கணினி முதலில் முகவரி கேட்கும். யாராவது கொடுத்தால் அதை ஏற்கும். யாரும் கொடுக்காவிட்டால், 169.254 எண்ணுக்குப் போகாமல், நீங்கள் எழுதி வைத்த ஆய்வக எண்ணை எடுத்துக்கொள்ளும்.

தானாக முகவரி தராத பழைய ஆய்வகங்களுக்கு இது அருமையான வழி. முகவரி கேட்டுக் காத்திருப்பதால் ஒரு நிமிடம் வரை தாமதமாகலாம், பொறுமை வேண்டும். இப்படி ஓர் இடத்துக்குத்தான் மாற்று அமைப்பு வைக்க முடியும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பாஸ் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வழியாக வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நம்மில் பலர் லினக்ஸ் என்ற பெயரைக் கேட்டதே அப்போதுதான். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்ட நிலையில், பழைய கணினிகளுக்கு லினக்ஸ் மீண்டும் பேச்சில் வருகிறது.

இடத்துக்கு இடம் அமைப்பு மாறும் விஷயத்தில் லினக்ஸ் ஒரு படி மேல். அதில் உள்ள நெட்வொர்க் மேனேஜர் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு சுயவிவரம் வைத்துக்கொள்கிறது. கம்பி இணைப்புக்கே 'வீடு', 'ஆய்வகம்', 'வள மையம்' என்று மூன்று சுயவிவரம் வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை எண்ணும் கொடுக்கலாம். எண் கூடினால் முன்னுரிமை கூடும். முதல் சுயவிவரம் தோற்றால் அடுத்ததை அது முயலும். தானாக மாறச் சில நிமிடம் ஆகலாம்; அவசரம் என்றால் பட்டியலில் பெயரைச் சொடுக்கினால் போதும். எண் எதையும் நினைவில் வைக்க வேண்டாம். ஆப்பிள் கணினிகளிலும் 'லொகேஷன்' என்ற பெயரில் இதே வசதி உண்டு.

இணைப்பு கிடைத்ததும் சிறு கட்டளைத் தொகுப்பு ஒன்றை ஓட்டும் வசதியும் நெட்வொர்க் மேனேஜரில் இருக்கிறது. பள்ளி இணைப்பு வந்தால் பள்ளி அச்சுப்பொறியைத் தேர்ந்துகொள், வீட்டு இணைப்பு வந்தால் வீட்டு அச்சுப்பொறியைத் தேர்ந்துகொள் என்று எழுதி வைக்கலாம். மேல்நிலைக் கணினி அறிவியல் மாணவர்களுக்குச் செயல்திட்டமாகக் கொடுத்துப் பாருங்கள். நம்மைவிட வேகமாக முடித்துவிடுவார்கள்.

எது தானாக நடக்கக் கூடாது?

இதுவரை எல்லாம் தானாக நடக்க வேண்டும் என்று சொன்னேன். மூன்று இடங்களில் அதைக் கட்டுப்படுத்தவும் வேண்டும்.

முதலாவது, கைப்பேசி ஹாட்ஸ்பாட். மடிக்கணினிக்கு ஹாட்ஸ்பாட்டும் வீட்டு வைஃபையும் ஒன்றுதான். நம் நாளொன்றுக்கான டேட்டா ஒன்றரை ஜி.பி.யோ இரண்டு ஜி.பி.யோ என்பது அதற்குத் தெரியாது. காலையில் புதுப்பிப்பு ஒன்று இறங்கத் தொடங்கினால் பத்து மணிக்கு டேட்டா தீர்ந்துவிடும். ஹாட்ஸ்பாட்டின் பிராப்பர்ட்டீஸில் 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்பதை ஒருமுறை இயக்கி வையுங்கள். அந்தப் பெயரோடு இணையும் போதெல்லாம் பெரிய புதுப்பிப்புகளைக் கணினி பெரும்பாலும் தள்ளிப் போடும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். கம்பி இணைப்பு அறுந்துபோகும் அப்படிப்பட்ட நாளில் மிச்சம் இருப்பது கைப்பேசி டேட்டா மட்டுமே. அது வீணாகாமல் இருக்க இந்த ஒரு பொத்தான் உதவும்.

இரண்டாவது, பொது இடமா தனி இடமா என்ற தேர்வு. ஒவ்வொரு வைஃபைக்கும் 'பப்ளிக்', 'பிரைவேட்' என்று இரண்டில் ஒன்றை விண்டோஸ் வைத்துக்கொள்ளும். பிரைவேட் என்றால் அதே அறையில் இருக்கும் மற்றக் கணினிகளின் கண்ணுக்கு உங்கள் கணினி தெரியும், கோப்பு பகிரலாம். பப்ளிக் என்றால் அது மறைந்திருக்கும். வீட்டுக்கும் ஆய்வகத்துக்கும் பிரைவேட் சரி. ரயில் நிலையம், கூட்ட அரங்கு, திருமண மண்டபம் எல்லாவற்றுக்கும் பப்ளிக்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். ரயில் நிலைய வைஃபை 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கி, இன்று ஆயிரக்கணக்கான நிலையங்களில் இருக்கிறது. இணைந்ததும் ஒரு பக்கம் திறக்கும். கைப்பேசி எண்ணையும் ஓ.டி.பி.யையும் கொடுத்தால் இணையம் வரும். டி.என்.எஸ். எண்ணைக் கையால் போட்டு வைத்திருந்தால் அந்தப் பக்கம் சில நேரம் திறக்காமலே போகும்; அதற்கும் 'தானாகப் பெறு' நிலைதான் மருந்து.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வைஃபையின் பெயர் வெறும் பெயர்தான். அதே பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு ஹாட்ஸ்பாட் வைக்கலாம். கடவுச்சொல் இல்லாத பொது வைஃபைக்குத் 'தானாக இணை' என்று அனுமதித்து வைத்திருந்தால், உங்கள் கணினி அந்தப் பெயரைக் கேட்டவுடன் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பொது வைஃபைகளுக்கு 'கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி' குறியை எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் 'ஃபர்கெட்' கொடுத்துவிடுங்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் மடிக்கணினியில் இருப்பது நம்முடைய விவரம் மட்டும் இல்லை. எமிஸ் தளத்துக்குள் போனால் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதி, வீட்டு முகவரி, பெற்றோர் கைப்பேசி எண் எல்லாம் நம் விரல் நுனியில். பெற்றோர் அவற்றை நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். ரயில் நிலையத்தில் செய்தி படியுங்கள், பாடக் காணொளி பாருங்கள். எமிஸ் வேலையைக் கைப்பேசி டேட்டாவிலோ பள்ளி இணைப்பிலோ வீட்டிலோ வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும் எந்தப் பக்கத்திலும் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யாதீர்கள்.

பள்ளியில் செய்யக் கூடியது

இது தனி ஆசிரியரோடு முடிகிற வேலை இல்லை. நம் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு மட்டும் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் திட்டமிடப்பட்டன. இவ்வளவு கருவிகள் வந்தபின், யாரோ ஒரு 'கம்ப்யூட்டர் தெரிந்த சார்' வரும்வரை வகுப்பு காத்திருக்க முடியாது.

ஒரு சிறிய ஏற்பாடு சொல்கிறேன். ஒவ்வொரு பள்ளியிலும் ஆய்வகச் சுவரில் 'இட அட்டை' ஒன்றை ஒட்டுங்கள். வைஃபையின் பெயர், ரூட்டரின் எண், எந்த எண்கள் தானாக வழங்கப்படுகின்றன, எந்த எண்கள் சர்வருக்கும் அச்சுப்பொறிக்கும் ஒதுக்கப்பட்டவை, பிராக்ஸி உண்டா இல்லையா. ஐந்தே வரி. கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாதீர்கள்; அது தலைமையாசிரியரிடம் இருக்கட்டும். இடமாறுதலில் புதிதாக வரும் ஆசிரியர் அன்றே வேலையைத் தொடங்கலாம். நாம் மாறிப் போனாலும் அறிவு பள்ளியிலேயே தங்கும்.

பழுதுபார்க்க வருபவரிடம் ஒரு வேண்டுகோளும் வையுங்கள்: "ஆசிரியர் மடிக்கணினியில் நிலையான எண் போடாதீர்கள், தேவையென்றால் ரூட்டரில் ஒதுக்குங்கள்." ஏற்கெனவே போட்டிருந்தால், என்ன எண் போட்டார் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கும் இது நல்ல பாடம். எட்டாம் வகுப்பில் நான் இதை ஒரு விளையாட்டாகச் செய்வதுண்டு. ஒரு மாணவி ரூட்டர். கையில் எண் எழுதிய சீட்டுகள். மற்றவர்கள் கணினிகள். வகுப்புக்குள் வருபவர் முகவரி கேட்க வேண்டும், சீட்டு வாங்க வேண்டும், வெளியே போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். பக்கத்து வகுப்புச் சீட்டோடு ஒருவனை உள்ளே அனுப்பினால் அவனுக்குக் கடிதம் போய்ச் சேராது. காரணம் என்ன என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் டி.எச்.சி.பி. முடிந்தது.

நிறைவாக மூன்றே வேலை சொல்கிறேன். இந்த வார விடுமுறையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒன்று, மடிக்கணினியின் வைஃபையும் கம்பியும் 'தானாகப் பெறு' நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆய்வகத்துக்குத் தனி எண் வேண்டுமென்றால் இன்று சொன்ன மூன்று வழிகளில் ஒன்றைக் கைக்கொள்ளுங்கள். இரண்டு, ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்ட்' ஆக்குங்கள். மூன்று, சேமித்து வைத்திருக்கும் பொது வைஃபைகளை அழியுங்கள்.

உங்களுக்கு முடிந்தபின், உங்கள் பள்ளியில் "எனக்கு வராது" என்று ஒதுங்கி நிற்கும் ஒருவரின் மடிக்கணினியையும் வாங்கிப் பாருங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையாலேயே மாற்ற வையுங்கள். அடுத்த முறை அவருக்கு நாம் தேவைப்பட மாட்டோம்.